பறவை பார்க்க கேமரா வேண்டுமா, பைனாகுலர் போதுமா?

தாம்பரத்தான்:
வாரம் ஆறு நாள் கணக்குவழக்கோடு போகிறது. ஞாயிறு காலை மட்டும் பள்ளிக்கரணைப் பக்கம் போய்ப் பறவை பார்க்கிறேன். கையில் கொஞ்சம் போனஸ் பணம் இருக்கிறது. கேமரா வாங்கலாமா, பைனாகுலரே போதுமா?

ஏரிக்கரை:
பைனாகுலர்தான் தம்பி. 8 மடங்கு பெரிதாகக் காட்டுகிற, முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம் உள்ளதை எடுங்கள். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகத் தெரியும். கூடவே பார்த்ததைக் குறிக்க ஒரு சின்ன நோட்டு.

கேமரா வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. போன அக்டோபரில் ஒரு புதர்க்காட்டில் மூன்று பேர் படம் எடுப்பதற்காகச் செல்போனில் ஆறுமணிக் குருவியின் குரலை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தன் இடத்துக்கு இன்னொரு குருவி வந்துவிட்டது என்று நினைத்து அது திரும்பத் திரும்ப வெளியே ஓடி வந்தது. இமயமலை அடிவாரத்திலிருந்தெல்லாம் பறந்து வருகிற பறவை அது. சருகைக் கிளறிப் புழு தின்ன வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலைந்தது. முக்கால் மணி நேரம்! எனக்கு வயிறு எரிந்தது.

உள்ளான்:
அண்ணே, குரல் ஓடவிடுவது தப்புதான். ஆனால் அந்தத் தப்பைக் கேமரா தலையில் கட்டாதீர்கள்.

பச்சைக்காலி, சின்ன பச்சைக்காலி என்ற இரண்டு நீர்க்கரைப் பறவைகளும் எனக்கு இரண்டு வருஷம் ஒன்றாகவே தெரிந்தன. ஒரு நாள் எடுத்த படத்தை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றின் அலகு தடித்து, நுனி லேசாக மேலே வளைந்திருந்தது. இன்னொன்று ஊசி மாதிரி நேராக இருந்தது. அன்றோடு குழப்பம் தீர்ந்தது. கோடியக்கரையில் காலில் எழுத்து போட்ட வளையம் மாட்டி விடுகிற பறவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்தைத் தூரத்திலிருந்து படம் எடுத்துத்தானே படிக்கிறோம்? பார்த்த பறவைகளைப் பதிகிற இபேர்ட் இணையதளத்தில் அரிய பறவை என்று பதிந்தாலும் முதலில் படம்தான் கேட்கிறார்கள்.

மதுராந்தகத்துக்காரன்:
நடுவில் வருகிறேன். வேடந்தாங்கலில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, ஏரியில் யாரும் பறவை சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், அதனால். என் ஆயா எதுவும் கையில் இல்லாமலே, நத்தைகுத்தி நாரை வந்து இறங்கும் தினுசைப் பார்த்துப் பெயர் சொல்லும். தம்பி, முதல் சீசன் வெறுங்கண்ணால் பாருங்கள். பணம் எங்கே போகப்போகிறது?

ஏரிக்கரை:
வளையம் பற்றி உள்ளான் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வாட்ஸாப் குழுவில் பறவைக் கூட்டைப் படம் எடுத்துப் போடுகிறார்களே? படம் தெளிவாக விழ வேண்டும் என்று மறைத்திருக்கும் இலையைக் கிள்ளுகிறார்கள். மறைப்பு போன கூட்டைக் காக்கை விட்டுவைக்குமா? நோட்டு வைத்திருப்பவன் யாரும் இலையைக் கிள்ளியதில்லை.

தாம்பரத்தான்:
நான் இதையெல்லாம் யோசித்ததே இல்லை. முதலில் பைனாகுலர் வாங்குகிறேன். ஆயாவின் முறையையும் வேடந்தாங்கலில் ஒரு நாள் முயன்று பார்க்கிறேன்.

உள்ளான்:
பறவைக் கூட்டின் படம் நான் போடுவதில்லை அண்ணே. குழுவில் இனி யாரும் போடக்கூடாது என்று இன்றே எழுதுகிறேன். ஆனால் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வா என்றால், அது மட்டும் முடியாது.