மருத்துவ மாணவர்களுக்கு அறநெறி: அன்றாடச் செய்தியை வகுப்புக்குள் கொண்டுவரலாமா?

இரவுப்பணி: முதலாமாண்டு மாணவர்களுக்கு மருத்துவ அறநெறி எடுக்கிறேன். கோட்பாடுகளைக் கேட்டால் வரி பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் கட்டாயத் தடுப்பூசி, உறுப்பு தானத்தில் யாருக்கு முன்னுரிமை என்று அன்றைய செய்தி ஒன்றை நடுவில் வைத்தால்தான் வாய் திறக்கிறார்கள். இனி வாரம் ஒரு செய்தி எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

கடைசிபெஞ்ச்: வேண்டாம் டாக்டர். நான் படித்தபோது இப்படி ஒரு வகுப்பு நடந்தது. பிரசவத்தில் இறந்த பெண்ணைப் பற்றிய செய்தி. திரையில் அவர் கணவர் அழுகிற படம். முக்கால் மணி நேரம் அந்த மருத்துவரைக் கிழித்தோம். கேஸ் ஷீட்டில் என்ன இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கணவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்?

இரவுப்பணி: படம் போட்டது தவறுதான். அதற்காகச் செய்தியையே ஒதுக்கலாமா? அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை நடத்திய டஸ்கிகீ ஆய்வைப் பாருங்கள். 1932-இல் தொடங்கி, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோய் எப்படிப் போகிறது என்று கவனித்தார்கள். 1940களின் பிற்பகுதியில் அதைக் குணமாக்கும் பென்சிலின் தாராளமாகக் கிடைத்த பிறகும் தரவில்லை. முடிவுகள் மருத்துவ இதழ்களில் வந்துகொண்டேதான் இருந்தன. படித்தவர்களில் பெரும்பாலோர் பேசவில்லை. அந்தத் துறையிலேயே வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966-இல் உள்ளுக்குள்ளேயே புகார் கொடுத்தும் நிற்கவில்லை. 1972-இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

கடைசிபெஞ்ச்: அது இன்று நமக்கு முழுசாகத் தெரிகிற கதை. சுடச்சுட வரும் செய்தி அப்படியில்லையே. 2020 மே 22-இல் கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆபத்து என்று லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகமெங்கும் தலைப்புச் செய்தி. உலக சுகாதார நிறுவனமே தன் ஆய்வில் அந்த மருந்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. தரவைச் சரிபார்க்க முடியாமல் ஜூன் 4-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட நாட்களில் நீங்கள் வகுப்பு எடுத்திருந்தால்?

மூன்றாம்வருடம்: நான் மாணவி. எனக்கு அந்த வகுப்புதான் வேண்டும். மே மாதம் ஒருமுறை, ஜூனில் இன்னொருமுறை. நான் என்ன முடிவு எடுத்தேன், எதை நம்பி எடுத்தேன் என்று முதல் வகுப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அதே தாளை என் கையில் கொடுங்கள். வார்டிலும் எங்களுக்குப் பாதித் தகவல்தானே கிடைக்கப்போகிறது?

கடைசிபெஞ்ச்: சரி, இது நான் யோசிக்காத வழி. ஆனால் வாரம் ஒன்றெல்லாம் வேண்டாம், பருவத்துக்கு இரண்டு போதும். பெயர், படம் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்தைத் தொடவே கூடாது.

இரவுப்பணி: கடைசியாகச் சொன்னதை ஏற்கமாட்டேன். எத்தனையோ கொள்கைகள் வழக்குகளால்தான் மாறியிருக்கின்றன. மருத்துவர் குற்றவாளியா என்ற பேச்சை விட்டுவிடுகிறேன். சட்டம் என்ன சொல்கிறது, படுக்கை யாருக்கு, செலவு யார் தலையில் என்று பேசுவோம். பெயரும் படமும் இருக்காது. முதல் செய்தி அடுத்த வாரம். மாணவர்கள் எழுதித் தரும் தாள்களை உறையில் போட்டு ஒட்டிவிடுகிறேன். செய்தியில் ஏதாவது மாறும் நாளில் பிரிப்போம்.