நோய்நொடி இல்லாதவர்களுக்கும் பெருந்தொற்று என்றால் ஏன் இவ்வளவு பயம்?

கோட்டையூர்ப் பொடியன் கேட்டது:

சுகர் இல்லை, பிரஷர் இல்லை, வயசு முப்பதுகூட ஆகவில்லை. இப்படிப்பட்டவர்களும் 2020, 2021ல் வாசல்படி தாண்டப் பயந்தார்கள். அதே ஆட்கள்தான் காரைக்குடி - தேவகோட்டை ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் எண்பதில் பறப்பவர்கள். அப்படியென்றால் அது டிவி கிளப்பிவிட்ட பயமா, இல்லை அதில் நியாயம் உண்டா? நாளைக்கு இன்னொரு வைரஸ் வந்தால் எதற்குப் பயப்படலாம், எதை விட்டுத்தள்ளலாம்? நம் பக்கத்து வீடுகளில் எண்பதைத் தாண்டிய ஐயா, அப்பத்தா இருப்பார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்) என்றால் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பங்காளிகள் வந்து ஒரே வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், இறங்குவார்கள். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை:

தம்பி, முதலில் உங்கள் பைக் விஷயம். ஆபத்தை யாரும் எண்ணை வைத்து அளப்பதில்லை. பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளர் 1987லேயே இதை எழுதிவிட்டார். நம் கைக்கு அடங்காதது, ஒரே சமயத்தில் பலரை வாரிக்கொண்டு போவது, கண்ணுக்குத் தெரியாதது, புதிது, விளைவு பிந்தி வருவது. இந்தக் குணங்கள் சேரச் சேரப் பயம் ஏறும். பைக்கில் ஹேண்டில்பார் நம் கையில் இருக்கிறது, பழகின ஆபத்து வேறு. புது வைரஸில் ஐந்தும் மொத்தமாக வந்து நிற்கிறது.

அதனால் இது வெறும் மனக்குழப்பம் என்று தள்ளிவிட முடியாது. பைக் விபத்து பெருகுவதில்லை, தொற்று பெருகும். ஒருவர் இரண்டு பேருக்குக் கொடுக்கிறார், ஐந்து நாளுக்கு ஒரு சுற்று என்று வையுங்கள். பத்தாவது சுற்றில், அதாவது ஐம்பதாம் நாளில், அந்த ஒரு ஆளிடமிருந்து கிளம்பியது 1,024 பேருக்கு ஒட்டியிருக்கும். அப்போது பெட் கிடைக்காமல் அலைகிறவர்களில் குடல்வால் வெடித்தவரும் இருப்பார், மாரடைப்பு வந்தவரும் இருப்பார்.

வயசுக் கணக்கைப் பாருங்கள். தடுப்பூசி வருவதற்கு முன், பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து 2020ல் போட்ட கணக்கில், கோவிட் தொற்றியவர்களில் இறப்பு 25 வயதில் 0.01 சதவீதம். 55ல் 0.4, 65ல் 1.4, 75ல் 4.6, 85ல் ஏறக்குறைய 15. இளவட்டத்தின் சொந்த உயிருக்கு ஆபத்து பத்தாயிரத்தில் ஒன்று. இதற்காக மட்டும் ஒருவர் நடுங்கினால், அது அதிகம்தான்.

இனி வீட்டுக்குள் வாருங்கள். அந்தப் பையன் தொற்றோடு உள்ளே நுழைந்தால் அப்பத்தாவுக்கு ஒட்ட ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று உத்தேசமாக வைப்போம். ஒட்டினால் 85 வயதில் இறப்பு 15 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 3 சதவீதம், பத்தாயிரத்துக்கு 300. தன் உயிருக்கான ஆபத்தைப்போல முந்நூறு மடங்கு. இதில் கொடுமை, அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அவரால் பரப்ப முடியும். எனக்கு ஒன்றும் இல்லையே என்ற ஆறுதல் அங்கே செல்லாது. ஆரோக்கியமானவரின் பயத்தில் பெரும்பங்கு இதுதான் என்பது என் எண்ணம். பலர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, எனக்கு வந்துவிடுமோ என்று மாற்றிச் சொல்வார்கள்.

இன்னொன்று. புது வைரஸ் எந்த வயதைத் தேடிப் பிடிக்கும் என்பது முதல் சில வாரங்களில் யாருக்கும் தெரியாது. 1918 இன்புளுயன்சா 20 முதல் 40 வயதுக்காரர்களைக் குறிவைத்துக் கொண்டுபோனது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் சாவு. ஆகவே ஆரம்பத்தில் இளவட்டமும் ஒதுங்கி இருப்பதில் தப்பில்லை. வயசுவாரி விவரம் வந்த பிறகும் அதே அளவுக்கு நடுங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

திண்ணைப் பேச்சு:

கணக்கு சரி அண்ணே. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். 2021 ஏப்ரல், மே மாதத்தில் காய்ச்சல் கண்ட முதல் நாளே ஸ்டீராய்டு வாங்கி முழுங்கியவர்களும், ஆக்ஸிமீட்டரை நிமிஷத்துக்கு ஒருதரம் மாட்டிப் பார்த்தவர்களும், ஒன்றும் இல்லாமலே சிடி ஸ்கேன் எடுத்தவர்களும் இதே பயத்தில் செய்ததுதானே? பயத்துக்கு நியாயம் கற்பித்தால் இதற்கெல்லாமும் நியாயம் வந்துவிடும்.

வார்டு டியூட்டி:

பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்த வருஷம் பயம் செய்த கெடுதியில் ஸ்டீராய்டு முதலிடம். டெக்ஸாமெத்தசோன் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் என்பது ஆக்ஸிஜன் தேவைப்படும் நோயாளிக்கு உயிர் காப்பது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவருக்கு அதனால் நன்மை இல்லை. சுகர் ஏறும், எதிர்ப்புச் சக்தி அடங்கும். கட்டுக்கடங்காத சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில்தான் கருப்புப் பூஞ்சை அதிகம் வந்தது.

எனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்பவர்களிடம் ஒரு கேள்வி: எப்போது பார்த்தீர்கள்? சுகர் இருப்பது தெரியாமலே நடமாடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். வெறும் வயிற்றில் 126 அல்லது HbA1c எனும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.5 சதவீதம், இதைத் தொட்டால் நீரிழிவு என்று கணக்கு. பிரஷருக்கு அந்தக் கோடு 140/90. பயத்தோடு உட்கார்ந்திருப்பதைவிட இந்த இரண்டையும் பார்த்துவைத்துக்கொண்டால், தன் ஆபத்து எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

பயத்தில் வரும் மூச்சுத்திணறலையும் நுரையீரல் பாதித்து வருவதையும் குழப்பிக்கொள்வது சகஜம். பதற்றத்தில் மூச்சு வேகமாகி, ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரும், நெஞ்சு இறுகும். ஆனால் ஆக்ஸிஜன் அளவு 98, 99 என்றே நிற்கும். பெரும்பாலும் அரைமணியில் தணியும். கோவிட்டில் இதற்கு நேர்மாறும் உண்டு. அளவு 88க்கு இறங்கியிருக்கும், ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அதனால் மூச்சு முட்டுகிறதா என்பதை மட்டும் நம்பக்கூடாது.

ஆக்ஸிமீட்டர் பார்க்கும் விதத்திலும் கோளாறு நடக்கிறது. ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, கை சில்லென்று இல்லாமல், மருதாணியோ நெயில் பாலிஷோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஆடாமல் நிற்கும்வரை ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். முதலில் மின்னுகிற 91ஐப் பார்த்துப் பதறித்தான் பாதிப்பேர் ஓடிவருவார்கள். கறுத்த தோலில் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்பதால், தனி ஒரு எண்ணைவிட அது நாளுக்கு நாள் இறங்குகிறதா என்று பாருங்கள். 94க்குக் கீழே நின்றால் டாக்டர், 90க்குக் கீழே என்றால் 108. சந்தேகமாக இருந்தால் வீட்டுக்குள் ஆறு நிமிஷம் நடந்துவிட்டுப் பாருங்கள். மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினாலும் ஆஸ்பத்திரிதான். முன்பே தள்ளாடுகிறவர்களை இப்படி நடக்க வைக்காதீர்கள்.

காய்ச்சல் இருக்கிறவருக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை ஆக்ஸிமீட்டர் பார்த்தால் போதும். இல்லாதவருக்கு அது தேவையே இல்லை. பார்த்ததும் வரும் நிம்மதி பத்து நிமிஷம் நிற்கும், அடுத்த தடவை ஐந்து நிமிஷம்தான். சோதிக்கச் சோதிக்கப் பயம் வளருவது இப்படித்தான். தூக்கம் கெட்டு, வேலை ஓடாமல் இரண்டு வாரம் நீடித்தால் 14416க்குப் பேசலாம். டெலிமானஸ், 2022ல் தொடங்கிய அரசு இலவச மனநல ஆலோசனை.

கோட்டையூர்ப் பொடியன்:

நன்றி. கணக்கப்பிள்ளை அண்ணன் சொன்ன அந்த ஐந்தில் ஒன்றை எப்படிக் குறைப்பது? வளவு வீட்டில் ஆளைத் தனியே வைப்பது நடக்கிற காரியமா?

பள்ளத்தூர் ஆச்சி:

நடக்கும், ஆனால் இடத்தைப் பார்த்து வைக்கணும். வளவைச் சுற்றியிருக்கிற அறைகள் சின்னது. பலதில் வெளிப்பக்கம் ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. அதில் ஆளை வைத்துக் கதவைச் சாத்தினால் காற்று உள்ளேயே தேங்கும். திறக்கிறபோது அத்தனையும் மொத்தமாக நடைக்கு வரும். முகப்புப் பக்கத்து அறையோ மாடி அறையோ, தெருவுக்கோ தோட்டத்துக்கோ ஜன்னல் இருப்பதாகப் பாருங்கள். அந்த ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வைத்தால் அறைக்காற்று அந்தப் பக்கமே போகும். ஸ்பிலிட் ஏசி அறைக்காற்றையேதான் திரும்பத் திரும்பச் சுற்றும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. அதை நிறுத்திவிடுங்கள்.

வளவு வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தால் பாதிப் பாதுகாப்பு. மேலே கம்பி வலை போட்டிருந்தால் பரவாயில்லை. மழைக்குப் பயந்து ஷீட் போட்டு மூடியிருந்தால் அது வளவு இல்லை, ஹால்.

அப்பத்தாவை இரண்டாம் கட்டுக்குள், அதாவது வளவைத் தாண்டி உள்ளே இருக்கிற பகுதியில், படுக்க வையுங்கள். வெளியூர்ப் பங்காளிகள் முகப்போடு சரி. வந்த அன்றைக்கு எடுத்த ரேபிட் டெஸ்டில் நெகட்டிவ் என்றால் பத்தாது, 48 மணி நேரம் கழித்து இன்னொன்று எடுத்த பிறகுதான் உள்கட்டு. பந்தியில்தான் எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றுவார்கள். அதனால் பந்தியைத் தோட்டத்தில் பந்தல் போட்டுப் போடுங்கள், பக்கத்தை மறைக்காமல்.

N95 போட்டால் வார் தலைக்குப் பின்னால் போகணும். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்திவிட்டு, பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே காற்று அடித்தால் சரியாக உட்காரவில்லை. தாடிக்காரர்களுக்கு ஓரத்தில் ஒழுகும். சோப்புப் போட்டுத் துவைத்தால் துகளை இழுத்துப் பிடிக்கிற மின்னேற்றம் போய்விடும், பிறகு அது சாதாரணத் துணி மாதிரிதான். காகிதக் கவரில் காயப்போட்டு மாற்றி மாற்றிப் போடலாம், வார் தளர்ந்தாலோ நசுங்கினாலோ எறிந்துவிடணும்.

கடைசியாக ஒன்று, இதை இங்கே யாரும் சொல்லவில்லை. 2020ல் வாசலில் ஒட்டுகிற நோட்டீஸுக்குப் பயந்து காய்ச்சலை மறைத்தவர்களும் உண்டு. ஊர் ஒதுக்கிவிடும் என்ற பயம் அது. அம்மை போட்டால் நம் வீடுகளில் நிலையில் வேப்பிலை சொருகுவோம், வெளியாள் உள்ளே வரமாட்டார், யாரும் தப்பாக நினைப்பதும் இல்லை. அந்த மாதிரி, முதல் நாள் தொண்டை கரகரக்கிறபோதே குடும்ப வாட்ஸப்பில் சொல்லிவிடுகிற வழக்கம் வரணும். சொல்கிறவரை யாரும் துருவக்கூடாது. காய்ச்சல் விட்ட பிறகும் அவர் பத்து நாள் முடிகிறவரை அப்பத்தா பக்கம் போகவேண்டாம்.