ஐடிலில் உதறும் பழைய கார்: மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்

கல்லடியிலிருந்து:

காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கருவி) பூட்டிய பழைய கார் ஐடிலில், அதாவது அக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, உதறத் தொடங்கினால், உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஐடிலில் அந்தக் கலவையின் அளவை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகுவதே எங்கள் பக்கத்தில் வழக்கமாக இருக்கிறது. என்னைக் கேட்டால், அது கடைசியாகத் தொட வேண்டிய இடம்.

என்னிடம் இருப்பது 4கே எஞ்சின் உள்ள டொயோட்டா கொரோலா. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில் அதை நெடுநாள் கொட்டகையில் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. மீண்டும் எடுத்தபோது, பாலத்தடியில் வாகனங்கள் தேங்கினால் எஞ்சின் உதறி நின்றுவிடும்; ஆனால் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வேகமாக ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. இந்த வேறுபாட்டிலேயே நோயின் பாதி விளங்கிவிடுகிறது. ஐடிலில் திரொட்டில் (அக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) ஏறக்குறைய மூடியிருப்பதால், பெற்றோல் ஸ்லோ ஜெட் என்னும் மிக நுண்ணிய துளை வழியாக மட்டுமே வருகிறது; அக்சிலரேட்டரை மிதித்ததும் மெயின் ஜெட் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. ஆகவே, ஓட்டத்தில் சரியாகவும் நிற்கையில் மோசமாகவும் இருக்கும் எஞ்சினில், ஸ்லோ ஜெட் அடைபட்டிருக்கலாம், அல்லது கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே புகலாம்.

முதலில் சாவியை மட்டும் திருப்பி, காபரேட்டரில் ஐடில் பெற்றோலைத் திறந்துவிடும் மின் வால்வான சொலனொயிட் 'டிக்' என்று ஒலிக்கிறதா என்று கேட்டேன், ஒலித்தது. பிறகு மிக்ஸ்சர் ஸ்க்ரூவை, எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டு, மெதுவாக உள்ளே திருகினேன். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சின் அப்போது தடுமாறி நிற்க வேண்டும். என்னுடையதில் எந்த மாற்றமும் இல்லை. அந்த வழியில் பெற்றோலே வரவில்லை என்பதுதான் அதன் பொருள். கழற்றிப் பார்த்தபோது, காபரேட்டரில் பெற்றோல் தேங்கும் மிதவை அறையில் காய்ந்துபோன பெற்றோல் மஞ்சள் பிசினாகப் படிந்திருந்தது. ஜெட்டை காபரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதினாலே போதும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெருத்து, பெற்றோல் எப்போதும் மிகுதியாகவே வரும்.

அதன் பிறகும் சிறிது நடுக்கம் எஞ்சியது. எஞ்சினின் உறிஞ்சுவிசையைக் கொண்டுபோகும் வெக்கியூம் குழாய்களை ஒவ்வொன்றாகக் குறட்டால் மெல்ல நெரித்தபோது, பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயில் எஞ்சின் உடனே சீரானது. கடற்காற்றில் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்து, குழாயின் வாயும் வெடித்திருந்தது. கிளீனரைத் தெளித்துக் கசிவு தேடுபவர்கள் கவனிக்க வேண்டும்: 4கே எஞ்சினில் புகை வெளியேறும் சூடான எக்ஸோஸ்ட் மனிபோல்ட் காபரேட்டருக்கு நேர் கீழே இருக்கிறது; தீப்பிடிக்க ஒரு துளி போதும்.

இவ்வளவும் முடிந்த பின்னரே, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது காற்றைக் குறைக்கும் சோக் முழுதாகத் திறந்திருப்பதை உறுதிசெய்து, மிக்ஸ்சரை ஒழுங்குபடுத்தினேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

கல்லடி அண்ணன் சொன்ன வரிசை சரியானது; ஆனால் அவர் தொடாத ஒரு பகுதி உண்டு. அம்பாறையில் உறவினர் ஒருவரின் காரில், அதுவும் 4கே எஞ்சின்தான், ஜெட், குழாய்கள், பொயின்ட் (பிளக்கில் தீப்பொறி வர மின்சாரத்தை விட்டுவிட்டுத் தடுக்கும் தொடுமுனை), பிளக் எல்லாம் பார்த்த பிறகும் உதறல் நிற்கவில்லை. எஞ்சினின் உறிஞ்சுவிசையை அளக்கும் வெக்கியூம் கேஜைப் பொருத்திப் பார்த்தோம். கடல்மட்டத்துக்கு அருகில் அதன் முள் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரையில் ஆடாமல் நிற்க வேண்டும். இங்கோ தாளம் தவறாமல் விட்டுவிட்டுக் கீழே விழுந்தது. பிளக் வயர்களை, காப்புறையுள்ள குறட்டால், ஒவ்வொன்றாகக் கழற்றியபோது மூன்றாவது சிலிண்டரில் மட்டும் எஞ்சினின் வேகம் குறையவேயில்லை. அதன் எக்ஸோஸ்ட் வால்வில் (புகையை வெளியே விடும் வால்வு) இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தது. சூடான நிலையில் வால்வு இடைவெளியை இன்டேக் (கலவையை உள்ளே விடும் வால்வு) 0.20, எக்ஸோஸ்ட் 0.30 மில்லிமீற்றர் என்று வைத்ததும் முள் நிலைத்துவிட்டது. அந்த இறுக்கத்தோடு இன்னும் சில காலம் ஓடியிருந்தால் வால்வு கருகி, ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்திருக்கும்.

அதே கார் பின்னர் நுவரெலியா சென்றபோது, அங்கே ஐடில் கனத்துக் கரும்புகை வந்தது என்று தொலைபேசியில் கேட்டார்கள். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்து மிக்ஸ்சர் தானாகவே ரிச் ஆகும், அதாவது காற்றைவிடப் பெற்றோலின் பங்கு கூடும். ஸ்க்ரூவைத் தொட வேண்டாம் என்றேன். பதுளை, பிபிலை வழியாக இறங்கி மகா ஓயாவுக்கு வந்தபோது புகை இல்லை.