பொருள்: ‘ஃபிரான்சாஃப்ரிக்’ – ‘உடந்தையாட்சி’ என்று சொல்லலாமா?

வணக்கம்.

பிரான்சின் அதிகார வட்டமும் அதன் முன்னாள் ஆப்பிரிக்கக் காலனிகளின் அதிபர்களும் திரைமறைவில் நடத்திய கூட்டுக்குப் பிரெஞ்சில் ‘ஃபிரான்சாஃப்ரிக்’ என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக இந்த இழையில் வந்த மடல்களை இன்று காலை ஒன்றாக உட்கார்ந்து படித்தேன். மத்திய ஆப்பிரிக்காவில் பிரான்சின் முன்னாள் காலனியான காபோன் நாட்டைப் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரமாக இந்தச் சொல்லில்தான் நிற்கிறேன். அதனால் மடல் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘நவகாலனியம்’ என்றே போட்டுவிடலாமே, ஏற்கெனவே புழங்கும் சொல்தானே?

ஐயா, அது பெரிய குடை. குவாமே நிக்ருமா 1965இல் அதை விரித்து எழுதியதிலிருந்து, கொக்கோவை அடிமாட்டு விலைக்கு வாங்கும் நிறுவனம், நிபந்தனையோடு வரும் கடன் எல்லாமே அந்தக் குடைக்குள் வந்துவிட்டன. ஃபிரான்சாஃப்ரிக் அதைவிடக் குறுகலானது. பாரிசில் அதிபர் மாளிகையை ஒட்டி ஓர் அலுவலகம், ஆப்பிரிக்கத் தலைநகரில் ஓர் அதிபர், நடுவில் தொலைபேசி. வெளியுறவு அமைச்சகம் ஒரு பக்கம் இருக்க, வேலை இந்த வழியில்தான் நடந்தது. டி கால், பொம்பிடு என இரண்டு அதிபர்களிடமும் 1974 வரை அந்த அலுவலகத்தை நடத்தியவர் ஜாக் ஃபொக்கார். ‘நவகாலனியம்’ என்று எழுதினால் ஃபொக்கார் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்.

> ‘கைப்பாவை ஆட்சி’ நன்றாகப் புரியும். படிப்பவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

அக்கா, நானும் முதல் வரைவில் அதைத்தான் போட்டிருந்தேன். காபோனின் முதல் சில ஆண்டுகளுக்கு அது பொருந்தவும் செய்கிறது. 1964 பிப்ரவரி 17 இரவு இளம் ராணுவ அதிகாரிகள் சிலர் அதிபர் லியோன் எம்பாவைச் சிறைப்பிடித்தார்கள், எதிர்க்கட்சித் தலைவர் ஒபாமைத் தற்காலிக அரசுக்குத் தலைவராக்கினார்கள். டக்காரிலிருந்தும் பிரசாவில்லிலிருந்தும் பிரெஞ்சுப் படை வந்து இறங்கியது. இரண்டே நாளில் எம்பா மறுபடி நாற்காலியில். ஒபாமுக்குப் பத்து ஆண்டு கடுங்காவல். இது நடந்த தலைநகர் லிப்ரவில்லின் பெயருக்கு ‘விடுதலை ஊர்’ என்று பொருள், அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்டவர்களைக் குடியமர்த்திய ஊர் அது. அப்புறம் எம்பா நோய்வாய்ப்பட்டுப் பாரிஸ் மருத்துவமனையில் கிடந்தபோதே, துணை அதிபர்தான் அடுத்த அதிபர் என்று அரசமைப்பு மாற்றப்பட்டது. அப்படி 1967இல் வந்தவர் ஒமர் போங்கோ. அவரை டி கால் முன்கூட்டியே பாரிசுக்கு அழைத்து, பேசிப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டிருந்தார்.

இதுவரை பாவைதான். ஆனால் போங்கோ அந்த நாற்காலியில் 2009இல் சாகும்வரை ஏறத்தாழ 42 ஆண்டு இருந்தார். அவ்வளவு காலத்தில் கயிறு ஒரு பக்கமாகவே இழுபடவில்லை. எல்ஃப் என்ற பிரெஞ்சு அரசு எண்ணெய் நிறுவனம் காபோன் கடலில் எடுத்த எண்ணெயின் பணம் பாரிசுக்கே திரும்பிப்போனது, பிரெஞ்சுக் கட்சிகளின் கைக்கும் போனது. நிறுவனத் தலைவராக இருந்த லெ ஃப்லோக்-பிரிஜான் அதைத் தானே வெளியே சொன்னார். 2003இல் பாரிசில் நடந்த எல்ஃப் வழக்கில் 37 பேர் கூண்டில் நின்றார்கள்.

2008இல் நடந்தது இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பிரான்சின் வெளிநாட்டு ஒத்துழைப்புத் துறையைக் கவனித்த ழான்-மரி பொக்கெல் ஜனவரியில், ஃபிரான்சாஃப்ரிக்கின் இறப்புச் சான்றிதழில் கையெழுத்திட விரும்புகிறேன் என்று பேசினார். மார்ச்சில் அவரை முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு மாற்றிவிட்டார்கள். அவரை மாற்றச் சொன்னவர் போங்கோதான் என்று, இரு பக்கமும் தூது போன வழக்கறிஞர் ரொபேர் பூர்ஜி பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். ஆட்டுவிப்பவனின் வேலைக்காரனை வீட்டுக்கு அனுப்பும் பாவையைப் பாவை என்று எப்படி எழுதுவது, அக்கா? பிரான்ஸ் இல்லாத ஆப்பிரிக்கா ஓட்டுநர் இல்லாத கார், ஆப்பிரிக்கா இல்லாத பிரான்ஸ் எரிபொருள் இல்லாத கார் என்று இரண்டு தரப்பையும் இணைத்துப் பேசியவரும் போங்கோதான். தன் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு ஆளையும் சொல்கிறேன். மொரீஸ் ரொபேர் முதலில் பிரெஞ்சு உளவுத்துறையின் ஆப்பிரிக்கப் பிரிவுத் தலைவர். பிறகு எல்ஃப் நிறுவனத்தில் வேலை. பிறகு 1979இல் காபோனுக்குப் பிரெஞ்சுத் தூதர். ஒரே மனிதர், மூன்று நாற்காலி. நமக்கு வேண்டிய சொல் இப்படிப்பட்ட ஒருவரையும் தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

‘மறைமுக ஆட்சி’ வேண்டாம். பிரிட்டிஷ் காலனி நிர்வாகத்தில் உள்ளூர்த் தலைவர்கள் வழியாக ஆண்ட முறைக்கு அது ஏற்கெனவே உரியதாகிவிட்டது. ‘பினாமி ஆட்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கொடி ஒருவர் பெயரில், சொத்து இன்னொருவர் கையில் என்பதை அது சட்டென்று உணர்த்துகிறது. ஆனால் பினாமிக்குத் தனியாக விருப்பம் கிடையாது, போங்கோவுக்கு இருந்தது. நானே ‘குத்தகையாட்சி’ என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். விளைச்சலில் உரிய பங்கைச் சரியாக அளந்துவிட்டால் நிலத்தில் என்ன செய்தாலும் கேள்வி இல்லை என்ற பொருள் நன்றாகவே வந்தது. ஆனால் குத்தகை என்றால் நிலச்சொந்தக்காரர் என்று ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் பிரான்சை உட்காரவைக்க மனம் வரவில்லை. காபோன் காபோன்காரர்களின் நிலம். நாம் உண்டாக்கும் சொல் அதை மறந்துவிடக்கூடாது.

அப்போது வந்ததுதான் ‘உடந்தை’.

வங்கியில் கொள்ளை நடக்கிறது, ‘காவலாளியும் உடந்தை’ என்று ஊரில் பேசிக்கொள்கிறோம். அந்த ஒரு சொல்லில் மூன்று ஆள் இருக்கிறார்கள்: செய்தவன், கண்டும் காணாமல் கதவைத் திறந்துவிட்டவன், பறிகொடுத்தவன். நல்ல காரியத்துக்கு யாரும் உடந்தையாக இருப்பதில்லை, கல்யாணத்துக்கு உதவியவரை உடந்தை என்று சொல்ல மாட்டோம். இதுவரை இழையில் வந்த சொற்கள் எல்லாம் பாரிசையும் லிப்ரவில்லையும் மட்டுமே காட்டுகின்றன. பறிகொடுத்தவர்கள் எந்தச் சொல்லிலும் இல்லை. உடந்தையில் அவர்கள் இருக்கிறார்கள்.

> தீர்ப்புச் சொல்லும் சொல் கலைச்சொல் ஆகாது. நடுநிலை வேண்டும்.

ஐயா, இதைத்தான் ரொம்ப நேரம் யோசித்தேன். பிரெஞ்சுச் சொல்லின் கதையைப் பாருங்கள். 1955இல் ஐவரி கோஸ்டின் அரசியல் தலைவர் ஊஃபுவே-புவாஞி ‘ஃபிரான்ஸ்-அஃப்ரிக்’ என்றபோது அது பாராட்டு, இரண்டும் ஒன்றாக வாழலாம் என்ற ஆசை. 1998இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிரான்சுவா-சேவியே வெர்ஷாவ் நடுக்கோட்டை எடுத்துவிட்டு அதையே குற்றச்சாட்டாக்கினார். காதில் விழும்போது ‘ஃபிரான்ஸ் ஆ ஃப்ரிக்’ என்றும் கேட்கும், ஃப்ரிக் என்றால் பேச்சு வழக்கில் காசு, நம் ‘துட்டு’ மாதிரி. இன்று பிரெஞ்சுக்காரர் அந்தச் சொல்லை எடுத்தாலே கண்டனத்தோடுதான் எடுக்கிறார். மூலத்தில் தீர்ப்பு இருக்கும்போது தமிழில் மட்டும் அதைக் கழுவித் துடைத்துவிட்டால், அது மொழிபெயர்ப்பாகாது.

நடுநிலைப் பெயர் என்ன செய்யும் என்பதற்கு காபோன் உள்ளிட்ட முன்னாள் பிரெஞ்சுக் காலனிகள் பலவற்றில் புழங்கும் சி.எஃப்.ஏ. ஃபிராங்க் நாணயமே போதும். 1945 டிசம்பரில் அது பிறந்தபோது அந்த மூன்று எழுத்துக்கும் ‘ஆப்பிரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் காலனிகள்’ என்று விரிவு. விடுதலைக்குப் பிறகு எழுத்து மாறவில்லை, விரிவை மட்டும் மாற்றினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ‘ஆப்பிரிக்க நிதிச் சமூகம்’, காபோன் இருக்கும் மத்திய ஆப்பிரிக்காவில் ‘நிதி ஒத்துழைப்பு’. தாளை அச்சடித்தது அப்போதும் பிரான்சின் ஷமாலியேர் ஊரில்தான். அந்நியச் செலாவணி இருப்பில் பெரும்பங்கு பிரெஞ்சுக் கருவூலத்தில் கிடந்தது. 1994 ஜனவரியில் ஒரே நாளில் அதன் மதிப்பைப் பாதியாக்கினார்கள், 50 கொடுத்து வாங்கிய ஒரு பிரெஞ்சு ஃபிராங்குக்கு 100 கொடுக்கவேண்டி வந்தது. சம்பளத்தில் அதே எண்தான். கப்பலில் வரும் மருந்து மட்டும் இரட்டிப்பு விலை. ‘ஒத்துழைப்பு’ என்ற நடுநிலைச் சொல் அந்த மருந்துக்கடை வாசலில் நின்றவருக்கு எதையும் விளக்கியிருக்காது.

இன்னொன்று. இது இரண்டு நாட்டுக்கு இடையிலான உறவுதானே, ‘உடந்தையுறவு’ என்றால்தான் இலக்கணம் சரி என்று சிலர் கேட்கலாம். நானும் எழுதிப் பார்த்தேன். ‘உறவு’ வந்ததும் சொல் இளகிவிடுகிறது. அவர்கள் எப்போதும் பேசியது அந்த உறவு மொழியைத்தான். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசை ஆண்ட பொக்காசா டி காலை ‘அப்பா’ என்றே கூப்பிட்டார். டோகோவை 1967 முதல் ஆண்ட எயாதேமா 2005இல் இறந்தபோது, பிரெஞ்சு அதிபர் சிராக் அவரைப் பிரான்சின் நண்பர், தன் சொந்த நண்பர் என்றார். அந்தப் பாசத்துக்கு நாமும் ஒரு சொல் கொடுக்க வேண்டாம். மக்கள் மேல் விழுந்தது ஆட்சி. ‘ஆட்சி’யே இருக்கட்டும்.

பொக்காசாவை வைத்தே சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். 1977 டிசம்பரில் நெப்போலியன் பாணியில் அவர் தனக்கு முடிசூட்டிக்கொண்டதற்குப் பாரிஸ் கைகொடுத்தது. 1979 செப்டம்பரில் அவர் லிபியா போயிருந்த நேரத்தில் அதே பாரிஸ் படையை அனுப்பி, முன்னாள் அதிபர் டாக்கோவை மறுபடி அமர்த்தியது. ‘உடந்தையாட்சியில் ஆள் மாறியது, ஏற்பாடு மாறவில்லை’ என்று எழுதினால் தடுக்காமல் ஓடுகிறது. ‘கைப்பாவை’யோ ‘பினாமி’யோ போட்டு அதே வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், பாதியில் நின்றுவிடும். பெல்ஜியத்துக்கும் அதன் முன்னாள் காலனியான காங்கோவை ஆண்ட மொபுட்டுவுக்கும் இடையிலிருந்ததற்கும் இந்தச் சொல் பொருந்துகிறது, ஆகவே பிரான்சுக்கு மட்டும் என்று கட்டிவைக்கத் தேவையில்லை.

கலைச்சொல் பட்டியலுக்கு என் வரைவு:

ஃபிரான்சாஃப்ரிக் – பெயர்ச்சொல்லாக அப்படியே இருக்கட்டும், பிரெஞ்சு நிகழ்வுக்கு மட்டும்.
உடந்தையாட்சி – முன்னாள் ஆதிக்க நாட்டின் அதிகார வட்டமும் முன்னாள் காலனியின் சர்வாதிகாரியும் ஒருவரையொருவர் காத்து, அந்நாட்டு மக்களின் வளத்தையும் வாக்கையும் பறித்து நடத்தும் ஆட்சி.
உடந்தை வலை – அதை ஓட்டிய ஆட்கள்: தூதர், உளவாளி, எண்ணெய் அதிகாரி, இடைத்தரகர்.

மூன்றாவதை ‘வலைப்பின்னல்’ என்று நீட்டவேண்டுமா, ‘வலை’ போதுமா என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு ‘வலை’ போதும் என்று படுகிறது.

அன்புடன்.