புதுப்பிப்பு: நிரல்மொழிக் குழுவின் புது லோகோ ஏற்கப்பட்டது

ஆத்தங்குடித் தரைக்கல்லின் எட்டிதழ்ப் பூவை வைத்து வரைந்த லோகோவை எங்கள் நிரல்மொழிக் குழு நிறுத்தி வைத்திருந்தது. அதை ஏற்கவைக்க என்ன செய்யலாம் என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். இப்போது ஏற்றுக்கொண்டார்கள். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

வேலைக்கு ஆனது கோட்டையூர் அண்ணன் சொன்ன வழி: "முதல்ல 16 பிக்சல்ல வச்சுப் பாருங்க தம்பி." உலாவித் தாவலில் வரும் சின்ன ஐகானின் அளவு அது. அந்த அளவில் இதழ்களின் இடைவெளி ஒரு பிக்சலுக்கும் கீழே போய், பூ முழுக்க ஒரே திட்டாகிவிடுகிறது. பெரிய படத்தைச் சுருக்கிப் பயனில்லை. 16-க்கு 16 கட்டத்தில் தனியாக வரைய வேண்டும்: நான்கு இதழ், சுற்றுக்கோடு கிடையாது, இடைவெளி முழு ஒரு பிக்சல், ஓரங்கள் கட்டத்தின் மேலேயே. கல்லின் சிவப்பும் பச்சையும் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு ஒன்றுபோலத் தெரியலாம் என்பதால் பச்சைக்குப் பதில் வெளிர்மஞ்சள். எழுத்துகளை எஸ்விஜி படக்கோப்பில் பாதைகளாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றிவிடுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் வேறு எழுத்துருவில் வந்து அமைப்பே குலைந்துவிடும்.

வாக்கெடுப்பில் பழைய லோகோவையும் சேர்த்து, விருப்ப வரிசைப்படி வாக்களிக்க வைத்தோம். ஹாஸ்கெல் நிரல்மொழியும் 2009-ல் தன் லோகோவை காண்டோர்செட் என்ற விருப்ப வரிசை வாக்கு முறையில்தான் தேர்ந்தெடுத்தது. ஆளுக்கு ஒற்றை வாக்கு என்றால் ஒரே சாயலுள்ள வடிவங்கள் ஒன்றன் வாக்கை மற்றொன்று தின்றுவிடும்.

எதிர்பாராதது உரிமம். நிரலின் உரிமம் படத்தையும் தானாக உள்ளடக்கிவிடும் என்று நம்பக்கூடாது. கோ நிரல்மொழியின் சின்னமான கோஃபர் படத்துக்கு இருப்பதுபோல, பிறர் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை எழுத்தில் கொடுத்த பிறகே லோகோவை இணைத்தார்கள்.

இணைத்த பிறகும் உலாவித் தாவலில் பழைய படமே வந்தால், ஐகான் கோப்பின் பெயரை மாற்றி ஏற்றி, பக்கத்தில் அதைச் சுட்டும் இடத்திலும் புதுப் பெயரைக் கொடுங்கள். உலாவி தன்னிடம் சேமித்து வைத்த பழையதை விட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளும்.