சுவான்சோவில் ஒரு பகல், ஒரு மாலை விமானம்

சீனா போகும் தமிழர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: பெய்ஜிங், ஷியான், ஷாங்காய் பட்டியலில் சுவான்சோவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். குவாங்சோவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஃபூஜியன் மாகாணத்துக் கடலோர ஊர். மார்க்கோ போலோ ஸைத்தூன் என்று எழுதிய துறைமுகம் இதுதான். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

அம்மாவும் நானும் காலையிலேயே காய்யுவான் கோயிலுக்குப் போய்விட்டோம். 686இல் தொடங்கிய பௌத்தக் கோயில், நுழைவுக் கட்டணம் இல்லை. எல்லோரும் இரண்டு கல் கோபுரங்களைப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். அங்கே பதினாறு பட்டை வைத்த இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. அம்மா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "ஏய், இது நரசிம்மர்டி! மடியில ஹிரண்யகசிபு பாரு!" என்று கத்தியதில் பக்கத்திலிருந்த சீனக் குடும்பமே திரும்பிப் பார்த்தது. இன்னொரு வட்டச் சிற்பத்தில் இரட்டை மரங்களுக்கு நடுவே குட்டிக் கண்ணன். முன்புற மேடையின் அடிப்பகுதியில் சிங்கங்களும் மனிதத் தலை கொண்ட சிங்கங்களுமாக எழுபதுக்கும் மேற்பட்ட சிற்பப் பலகைகள். யுவான் அரசமரபின் காலத்தில் இந்த ஊரில் இருந்த இந்துக் கோயில் அழிந்தபின், அதன் கற்களை அடுத்து வந்த மிங் அரசமரபின் காலத்துத் திருப்பணியில் எடுத்து இங்கே சேர்த்திருக்கிறார்கள். உடைத்துப் போடாமல் தங்கள் கோயிலிலேயே வைத்துக் காத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கோயில் வாசல் தெருவில் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் தலை நிறையப் பூ! பக்கத்து ஷுன்பூ மீனவப் பெண்களின் வழக்கம் இது. கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சரம் கட்டுவார்கள். இப்போது சுற்றுலா வருபவர்களுக்கும் கடை போட்டு வைத்துவிடுகிறார்கள். கடைக்காரம்மா என் அம்மாவின் நரைத்த கொண்டையைத் தடவிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். பூ வைத்து முடித்தபின் அம்மா நாள் முழுக்க அதைக் கழற்றவே இல்லை.

கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். தோண்டி எடுத்த விஷ்ணு சிலை அங்கே இருக்கிறது. யானை ஒன்று சிவலிங்கத்தை வணங்கும் சிற்பத்துக்கு முன்னால் அம்மா அசையவே இல்லை. திருவானைக்காவில் பிறந்து வளர்ந்தவர், அந்தக் கதையை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் இந்த ஊரில்தான். சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீச்சுரமுடைய நாயனார் என்ற பெயரில் சிவனை எழுந்தருளப் பண்ணியதை அது சொல்கிறது. கல்லில் உள்ள நாள், பழைய சக ஆண்டுக் கணக்கில் 1203, சித்திரை மாதம். குப்லாய் கான் ஆண்ட சீனாவில் நம் மாதப் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்! அதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

விமானநிலையம் போகும் முன் செடியான் கிராமத்துக்குச் சின்னதாக ஒரு சுற்று. அங்கே ஒரு சிறு சன்னதியில் நான்கு கைகளோடு, காலடியில் அசுரனோடு ஒரு தேவி அமர்ந்திருக்கிறாள். ஊரார் அவளைக் குவான்யின், அதாவது பௌத்தர்களின் கருணைத் தெய்வம், என்று கும்பிடுகிறார்கள். ஒரு பாட்டி அம்மாவின் கையில் ஊதுபத்திகளைத் திணித்து எங்கே குத்த வேண்டும் என்று காட்டினார். இருவரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

ஜின்ஜியாங் விமானநிலையம் ஊருக்குப் பக்கம்தான். பவர் பேங்க் கொண்டுபோகிறவர்கள் கவனியுங்கள்: 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் சீனாவின் 3சி என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாதவற்றை அனுமதிப்பதில்லை. எனக்கு முன்னால் நின்றவருடையதை அங்கேயே எடுத்து வைத்துவிட்டார்கள். விமானமும் தாமதம். சீன வான்வெளியில் பெரும்பகுதி ராணுவத்தின் கையில், பயணிகள் விமானத்துக்குக் கிடைப்பது குறுகலான தடங்கள். அதனால் அடுத்த விமானத்துக்கு நடுவில் நேரத்தைத் தாராளமாக விட்டு வையுங்கள். ஒரு வசதி உண்டு, வெந்நீர் குழாய் எல்லா விமானநிலையத்திலும் இருக்கும். அம்மாவின் பிளாஸ்க் நிறைந்தபடியே இருந்தது.

காத்திருந்த இடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஆன்சி ஊர்த் தேயிலை வியாபாரி. எங்கள் வெந்நீரைப் பார்த்ததும் பையிலிருந்து தியேகுவான்யின் தேயிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். செல்பேசி மொழிபெயர்ப்பில் பேச்சு நடந்தது. தூண்களின் படத்தைக் காட்டினேன். சின்ன வயதிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போகிறாராம், தூணில் இருப்பது யாரென்று இதுவரை யாரும் சொன்னதில்லையாம். அம்மா பிரகலாதன் கதையைத் தொடங்கினார். தூணை உதைக்கும் கட்டத்தில் விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். மனிதர் விடவில்லை. உள்ளே ஏறியதும் எங்கள் வரிசையில் இருந்த பையனிடம் கேட்டு இடம் மாற்றிக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம் தூணுக்குள் என்ன இருந்தது?" என்று செல்பேசியை நீட்டினார்.