லோன் முடிஞ்சு என்ஓசி கையில இருக்கு, சிபில்ல இன்னும் ‘ஆக்டிவ்’னு காட்டுது

கேள்வி:
பர்சனல் லோன் 2023லயே கட்டி முடிச்சாச்சு. பேங்க் கொடுத்த என்ஓசியும் (பாக்கி இல்லைங்குற சான்றிதழ்) இருக்கு. ஆனா சிபில் ரிப்போர்ட்ல கணக்கு ஆக்டிவ், ஓவர்டியூ 590 ரூபாய்னு வருது. ஹோம் லோன் இதனால நிக்குது. யாரைப் பிடிக்கணும்?

பதில் 1:
500 ரூபாய் சார்ஜ், மேல 18% ஜிஎஸ்டி சேர்த்தா சரியா 590. கடைசி நேரத்துல விழுந்த ஏதோ ஒரு கட்டணமா இருக்க வாய்ப்பு அதிகம். பேங்க்ல அந்த லோனோட ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுன்ட் கேளுங்க, எந்தத் தேதியில எதுக்குப் போட்டாங்கன்னு அதுல இருக்கும். தப்பாப் போட்டதுன்னா சார்ஜை ‘ரிவர்ஸ்’ பண்ணச் சொல்லி எழுத்துல கேளுங்க. ‘செட்டில்மென்ட்’னு எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடாதீங்க. அப்புறம் கணக்கு ‘குளோஸ்டு’ ஆகாம ‘செட்டில்டு’ன்னு, அதாவது முழுசாக் கட்டாம பேசி முடிச்சதாப் பதிவாகும், ஹோம் லோனுக்கு அது இதைவிட மோசம்.

பதில் 2:
கூடவே சிபில் தளத்துலயும் டிஸ்ப்யூட் போடுங்க. ரிப்போர்ட்ல இருக்குற கன்ட்ரோல் நம்பர் வேணும், கட்டணம் கிடையாது. பலர் ஸ்டேட்டஸை மட்டும் குறிச்சுட்டு விட்டுடுறாங்க. ஓவர்டியூ தொகை, இப்போதைய பாக்கி, முடிச்ச தேதி, அதோட தவணை எத்தனை நாள் தாமதம்னு மாசாமாசம் காட்டுற டிபிடி கட்டம், எல்லாத்தையும் சேர்த்துக் கேளுங்க. கணக்கு ‘குளோஸ்டு’ ஆனாலும் 2023க்கு அப்புறம் 30, 60, 90னு டிபிடி நின்னா ஸ்கோர் ஏறாது. ஹோம் லோன் மேனேஜர் முதல்ல பார்க்குறதும் அந்தக் கட்டத்தைத்தான்.

சிபில் தானா எதையும் மாத்தாது. பேங்க் ஒத்துக்கிட்டாத்தான் திருத்தும். அதனால பேங்க் புகார்தான் முக்கியம், அந்தப் புகார் எண்ணைப் பத்திரமா வைங்க.

கேட்டவர்:
சிபில் மாதிரியே கடன் விவரம் வச்சிருக்குற மத்த பீரோக்கள், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மூணுலயும் தனியாப் பார்க்கணுமா? பேங்க் இழுத்தடிச்சா?

பதில் 3:
பார்த்தே ஆகணும். ஹோம் லோன் கொடுக்குறவங்க எந்த பீரோவோட ரிப்போர்ட்டை எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. நாலு பீரோவுமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாத் தரணும்.

இழுத்தடிச்சா: புகார் கொடுத்த நாள்ல இருந்து மொத்தம் 30 நாள்தான் கெடு. அதுல முதல் 21 நாளுக்குள்ள பேங்க் சரியான தகவலை பீரோவுக்கு அனுப்பிடணும். 30 தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு, 2024 ஏப்ரல்ல இருந்து இருக்குற ஆர்பிஐ விதி இது. தாமதம் பேங்க் பக்கம்னா பேங்க் தரும், பீரோ பக்கம்னா பீரோ தரும். புகார் கொடுக்கும்போதே உங்க பேங்க் கணக்கு எண் அல்லது யுபிஐ ஐடி கொடுத்துடுங்க. ‘ஸ்கோர் குறைவா இருக்கு’ன்னு மட்டும் எழுதினா இந்த நஷ்டஈடு கிடையாது, எந்தப் பதிவு தப்புன்னு குறிப்பிட்டே எழுதணும்.

30 நாள்ல பதிலே வரலைன்னாலும், காரணம் சரியில்லாம நிராகரிச்சாலும், ஆர்பிஐயோட சிஎம்எஸ் புகார் தளத்துல ஒம்புட்ஸ்மேன்கிட்ட (குறைதீர்ப்பு அதிகாரி) போகலாம். பீரோக்களும் 2022 செப்டம்பர்ல இருந்து ஒம்புட்ஸ்மேன் வரம்புக்குள்ள வர்றாங்க. என்ஓசி, ஸ்டேட்மென்ட், புகார் எண், தப்பு இருக்குற ரிப்போர்ட் பக்கம் இந்த நாலையும் இணைங்க.